நான் விழுந்தது அபிஷேகம் இல்லைங்க

போன ஐப்பசியில என் ரெண்டு பாதமும் மரத்துப்போச்சுங்க. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. அஸ்தம்பட்டி ரோட்டுல ஒத்தைச் செருப்போட கடை வரைக்கும் நடந்து போயிருக்கேன். அங்க ஒரு கேக் கடையில நான் மாஸ்டர். கிரீம்ல பூப் போடற கை கோணல்மாணலா இழுத்துச்சு. தலையைக் குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்கிற மாதிரி வெட்டும். முப்பது வயசுலயே வாதமா, கட்டில்லயே கெடந்து போயிருவனான்னு பயந்து செத்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். கிரீம் அடிக்கிறதுக்கு விரல் நீளத்துல கேஸ் குப்பி வரும். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில அந்த கேஸைப் பலூன்ல புடிச்சு உறிஞ்சக் குடுத்தாங்க. ரெண்டு நிமிஷம் தலை ஜிவ்வுன்னு ஏறும், சிரிப்பா வரும். சாராயம் இல்ல, கஞ்சா இல்ல, வாயில நாத்தமும் வராது. கேக்குக்குப் போடறதுதானே, என்ன ஆயிரப்போவுதுன்னு தனியாவும் ஆரம்பிச்சேன். ஒரு வருஷம் ஓடுச்சு. என் ஊட்டுக்காரி ஸ்டெல்லாகிட்ட மூச்சு விடல.

ரெண்டு டாக்டருங்க பார்த்தாங்க. "ஏதாச்சும் பழக்கம் உண்டா?"ன்னு கேட்டாங்க. "நான் சர்ச்சுக்குப் போறவனுங்க"ன்னு பதில் சொன்னேன். என்ன திமிரு பாருங்க!

ஸ்டெல்லா என்னைக் கைத்தாங்கலா நம்ம வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தா. எல்லாரையும் எந்திரிச்சு நின்னு கண்ணை மூடச் சொன்னாங்க. மூடினேன். காலுக்குக் கீழ தரை இருக்கிறதே தெரியல. அப்படியே பின்னால சாய்ஞ்சு விழுந்துட்டேன். "அல்லேலூயா! ஆவியானவர் தொட்டுட்டாரு, அபிஷேகம் எறங்கிருச்சு!"ன்னு ஒரே சத்தம். ஸ்டெல்லா சந்தோசத்துல அழுகுறா. ஊட்டு பாத்ரூம்ல சோப்புப் போடக் கண்ணை மூடினாலும் நான் இப்படித்தான் விழுவேன். அதை அன்னைக்கே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். சொல்லலைங்க. "ஆமா, தொட்டாரு"ன்னு மைக்கைப் புடிச்சுச் சாட்சியே குடுத்துட்டேன்.

அடுத்த வாரம் ஒரு அக்கா, காலுக்குக் கம்பி போட்ட மகளைத் தூக்கிட்டு வந்து என் முன்னால நிறுத்தினாங்க. "உங்களைத் தொட்டாருல்ல சாமி, எம்புள்ளைக்கும் செபிங்க சாமி"ன்னாங்க. அந்தப் பொண்ணு அண்ணாந்து என்னையே பார்க்குது. தலையில கை வெச்சேன். என் கைக்கு முடி தெரியல, சூடு தெரியல. மரக்கட்டையைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. அய்யோ, இந்தக் கொழந்தையை ஏமாத்தறனே! உள்ளுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "ஆண்டவரே, என் காலு போனாப் போவுது. என் வாயைத் திறந்து விடுங்க." அத்தனை மாசத்துல நான் நெசமாப் பண்ணுன மொதல் செபம் அதுதாங்க.

திங்கக்கெழமை நரம்பு டாக்டரம்மாகிட்டப் போனோம். "நின்னுக்கிட்டுக் கண்ணை மூடுங்க"ன்னாங்க. சாய்ஞ்சேன், அவங்களே புடிச்சுக்கிட்டாங்க. "அபிஷேகத்துலயும் இப்படித்தானுங்க விழுந்தாரு"ன்னா ஸ்டெல்லா. டாக்டரம்மா என்னையே பார்த்தாங்க. பழைய பொய்யி தொண்டை வரைக்கும் வந்துருச்சு. ஆனா என் வாயி, "அது அபிஷேகம் இல்லைங்க, கேஸு"ன்னு சொல்லிருச்சு. இன்னைக்கும் சொல்றேன், அதைச் சொன்னது நானில்ல.

அந்த கேஸ் ஒடம்புல இருக்கிற பி12 சத்தை வேலை செய்ய விடாதாம். அதனால தண்டுவடமே கெட்டுப்போயிருக்குன்னாங்க. "இன்னும் கொஞ்ச நாள் சொல்லாம இருந்திருந்தா படுக்கைதான். இன்னைக்கே நிறுத்திரணும்"னு சொல்லி ஊசியை ஆரம்பிச்சாங்க. வெளிய வந்ததும் ஸ்டெல்லா, "கேஸை உறிஞ்சிப்போட்டு வந்து என்னை அல்லேலூயா பாட வெச்சீங்களா?"ன்னு கேட்டா. மூணு நாள் பாயைத் தனியாப் போட்டுக்கிட்டா. ஆனா ஊசிக்குப் போறப்ப எல்லாம் கூடவே வந்து உக்காந்திருந்தா.

கிறிஸ்மஸுக்குக் குச்சி ஊனிக்கிட்டுப் பூசைக்குப் போனேன். இப்பக் குச்சி இல்ல. இடது கால் கட்டைவிரல் இன்னும் மரத்துதான் கெடக்குது. பூப் போடற வேலை போயி, அடுப்புப் பக்கம் நிக்கிறேன். அந்தக் குப்பி இருக்கிற அலமாரிச் சாவியை மொதலாளிகிட்டயே குடுத்துட்டேன். கம்பி போட்ட பொண்ணோட ஊட்டுக்கும் போயி, உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அக்கா திட்டித் தீர்த்துட்டாங்க. திட்ட வேண்டியதுதான்.

நான் போன தடவை மைக்குல குடுத்த சாட்சி பொய்யிங்க. இதுதான் நெசம். காலைத் திருப்பிக் குடுத்ததுக்கும் நன்றி ஆண்டவரே, அதுக்கு முன்னால வாயைத் திறந்தீங்களே, அதுக்கு ஆயுசு பூரா நன்றி.

உங்கள்ல யாராச்சும் எதையாச்சும் மறைச்சு வெச்சுக்கிட்டுக் கும்பிடறீங்கன்னா, அவருகிட்டத் தைரியத்தைக் கேளுங்க, கட்டாயம் குடுப்பாரு. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. நான் உங்க பக்கத்துல நின்னு செபிக்கிறேன். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் செபிப்பேன். மூடினா இன்னும் ஆடுதுங்க.