மயில்கள் முந்திக்கொண்ட நாள்

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அரசு அலுவலகத்தில் பட்டாசு ஆலைகளின் உரிமக் கோப்புகளைப் பார்த்தே தலை நரைத்தவன், எதற்கும் இரண்டு நகலும் ஒரு சாட்சியும் கேட்டுப் பழகியவன். நீங்களும் கேட்கலாம். நகல் இல்லை. சாட்சி என் மனைவி, ஆனால் அவள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஓய்வு பெற்றபின் கோப்பு இல்லாமல் பொழுது போகவில்லை என்று இயற்கைக் குறிப்பேடு ஒன்று தொடங்கினேன். எந்தப் பறவை, எங்கே, என்ன செய்தது. விருதுநகர் வாடகை வீட்டைக் காலி செய்து, ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே காட்டோரம் கட்டிய வீட்டுக்குக் குடிவந்த நாளிலும் அதை விடவில்லை. குட்டியானை வண்டியிலிருந்து பீரோ இறங்கிக்கொண்டிருந்தது, நான் கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சானை எழுதிக்கொண்டிருந்தேன்.

"வீடு மாறச் சொன்னா காக்கா குருவிக்கு ஆஜர் எடுக்கீக" என்றாள் மனைவி.

"எழுதட்டும்க்கா, நாளைக்கு அதுகளும் பென்சன் வாங்கும்லா" என்றாள் வீடு கட்டும்போதே பழக்கமான பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எங்களுக்கு உதவ லீவு போட்டிருந்தாள். அவள் மகள் முத்துமாரி மட்டும் வழக்கம்போல் கம்பெனி வேன் ஏறிப் போயிருந்தாள்.

இந்தப் பக்கத்தில் ஓர் ஆலை வெடித்தால், சத்தம் கேட்ட மறுநொடி காட்டு மயில்கள் அத்தனையும் அகவும். இடி இடித்தாலும் அப்படித்தான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மயில் சத்தம் கேட்டதும் பெண்கள் போனைத் தேடுவார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்துக்கு முன் மயில்கள் அகவின. கண்மாய்க் கரையிலிருந்து மேற்குக் காடு வரை மொத்தமாக. பேச்சியம்மாள் பாத்திரக் கூடையைக் கீழே போட்டாள்.

"எங்க சார் வெடிச்சது?"

"எங்கயும் இல்ல. சத்தமே கேக்கலையே. நாயைக் கண்டு கத்தியிருக்கும்."

"நாய்க்கு அம்புட்டும் சேந்தா கத்தும்?"

"சத்தம் இல்லைன்னா ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்?"

"இன்னும் ஆகலைன்னு அர்த்தம் சார்."

மகளுக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலையாட்களின் போனை ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது விதி, எனக்கு மனப்பாடம். அவள் குட்டியானையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் என் முகத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பினான். இறக்காமல் கிடந்த என் கட்டிலும் மெத்தையும் அவளோடு போயின.

அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்று வாசலில் பொய் சொல்லி மகளைக் கூட்டி வந்தாள். முத்துமாரி அதே மெத்தைமேல், கையெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்தோடு, ஏசிக்கொண்டே வந்து இறங்கினாள். "மயிலு கத்துச்சுன்னு ஒருத்தி அரை நாள் கூலிய விடுவாளா சார்? நீங்களே கேளுங்க." எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

என் மனைவி முத்துமாரி கையில் காப்பியைக் கொடுக்கும்போது சத்தம் வந்தது. புது ஜன்னல்கள் அதிர்ந்தன. மேற்கே புகை எழுந்தது. அவள் கம்பெனிதான்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். வெளியே வந்து நின்று காது கொடுத்துக் கேட்டேன். நாய்கள் குரைத்தன, சாலையில் ஆட்கள் ஓடினார்கள். ஒரு மயில் கூட வாய் திறக்கவில்லை. எதிர் வரப்பில் நின்ற ஒன்று தலையைக்கூட நிமிர்த்தாமல் இரை பொறுக்கியது.

முத்துமாரியோடு அதே அறையில் இருந்தவர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, செய்தித்தாளில் வந்தது. வாசல் வரை போன பேச்சியம்மாள் மற்றவர்களிடம் என்ன சொல்லியிருக்க முடியும் என்று யோசித்திருக்கிறேன். மகளே நம்பாததை யார் நம்பியிருப்பார்கள்?

நில அதிர்வு, மருந்து வாடை, எல்லாம் எண்ணிப் பார்த்தேன். முன்கூட்டியே கத்தியதற்கு ஏதாவது ஒரு காரணம் ஒட்டும். பிறகு கத்தாமல் இருந்ததற்கு எதுவும் ஒட்டவில்லை.

சில வாரங்கள் கழித்து முத்துமாரி வேறொரு கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். இங்கே வேறு என்ன வேலை இருக்கிறது? தினமும் காலையில் வேன் ஹாரன் அடித்ததும் எங்கள் கேட்டருகே நின்று கேட்கிறாள்: "சார், மயிலு கத்துச்சா?"

சில நாள் குளியலறையில் இருந்திருப்பேன். சில நாள் மாத்திரைத் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருப்பேன். என் காதில் விழவில்லை என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

"இல்லம்மா" என்கிறேன். அவள் வேனில் ஏறிப் போகிறாள்.