கதவோரத்து எடம்

கனடாவிலிருந்து வந்த மறுநாள் காலை நாலு மணிக்கே எந்திரிச்சுட்டேன். புளிச்சோறு கிண்டி டப்பாவுல அடைச்சேன். தலைக்குக் கட்டத் துண்டெடுத்துக்கிட்டுத் தெருமுக்குல போய் நின்னேன். மூணு மாசம் மகன் வீட்டுல உக்காந்து தின்ன உடம்பு, எப்படா மலைக்குப் போவோம்னு கெடந்து தவிச்சுச்சு.

போடியில எங்க தெருவிலிருந்து தெனமும் அஞ்சரைக்கு ஒரு ஜீப்பு கிளம்பும். என்னையும் சேத்துப் பன்னெண்டு பொம்பளைக. போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துல காய் எடுக்கிற சோலி. செடி தூருல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும். ஜீப்புல பின்னால கதவோரம் என் எடம். மலை வளைவுல எனக்குக் குமட்டும், அதனால கெடச்ச எடம் அது. பத்தொம்பது வருசமா வேற ஒருத்தி அதுல உக்காந்ததில்ல. பக்கத்துல உக்கார்றவளை மதினின்னு கூப்பிடுவேன், அவளும் என்னைய அப்படித்தான் கூப்பிடுவா. உறவெல்லாம் கிடையாது, பழக்கத்துல வந்த முறைதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்ப பதினாறு நாளும் என்கூடவே படுத்துக் கெடந்தவ அவதான்.

எங்க ஜீப்புல ஒரு வழக்கம் உண்டு. நாலு நாளைக்கு மேல வராமப் போறவ, தனக்கு ஒரு மாத்தாளை அவளே கொண்டாந்து விட்டுட்டுப் போகணும். இல்லேன்னா அவ சோலியும் மத்தவக தலையில விழுமில்ல? நான் ஒழுங்குக்காரி. ராசிங்காபுரத்திலிருந்து எங்க தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பிள்ளையைப் பிடிச்சேன். முத்தின காய் எது, பிஞ்சு எதுன்னு சொல்லிக் குடுத்து, கதவோரத்துல நானே உக்கார வச்சேன். அதோட விட்டேனா? வாய் சும்மா இருக்கணுமே! "என் மகன் என்னையத் திருப்பி அனுப்புவானாக்கும்? அங்கேயே வச்சுக்கிருவான், பாத்துக்கிட்டே இருங்க"ன்னு எல்லார் முன்னாடியும் பீத்திக்கிட்டேன்.

கனடாவைக் குறை சொன்னா என் வாய் அழுகிப் போகும். குழாயைத் திருகினா சுடுதண்ணி. வயசானவ ஏறணும்னு பஸ்சு ஒரு பக்கமா சாஞ்சு குடுக்குது. இங்க நம்ம பஸ்சுல ஒரு கால் படியில இருக்கும்போதே விசில் அடிச்சுருவான். எல்லாம் சரி, பேச ஒரு ஆள் வேணுமே சாமி! மகன் இன்னும் கல்யாணம் முடிக்கல. காலையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான்னா சாயந்தரம்தான் எந்திரிப்பான். எதிர்வீட்டம்மா என்னையப் பாத்துச் சிரிச்சுக் கையை ஆட்டும். நானும் ஆட்டுவேன். அம்புட்டுத்தான், கதவைச் சாத்திக்கும். ஒருநாள் கடையில ஏலக்காயைக் கண்ணாடிப் போத்தல்ல அடைச்சு வச்சிருந்தாக. எடுத்துப் பாத்தேன், வெளுத்துப் போன காய். "இதையுமா ஒருத்தன் வாங்கித் திம்பான்?"னு தமிழ்ல சத்தமாவே கேட்டேன். அன்னைக்குப் பூராம் நான் வாயைத் தொறந்து பேசினது அது ஒண்ணுதான்.

இன்னொரு நாள் விடிஞ்சும் விடியாம வெளியில ஆரன் சத்தம் கேட்டுச்சு. அந்த ஊர்ல ஆரனே அடிக்க மாட்டாக. நான் தூக்கத்துலயே எந்திரிச்சு, கையில கெடச்ச டப்பாவைத் தூக்கிக்கிட்டு, துண்டைத் தலையில கட்டிக்கிட்டு, ரோட்டுக்கு ஓடிட்டேன். பாத்தா குப்பை வண்டி! மகன் பின்னாலயே ஓடியாந்தான்.

"எங்கம்மா போற?"

"ஜீப்பு வந்துருச்சுடா."

முதல்ல சிரிச்சான். அப்புறம் என் கையில இருந்த காலி டப்பாவைப் பாத்துட்டு, சிரிப்பை நிறுத்திட்டான்.

கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முந்தி என் பக்கத்துல வந்து உக்காந்தான். "விசா இன்னும் இருக்கும்மா. இருந்துட்டுப் போயேன்"னான். அந்தக் கொரல் அவன் சின்ன வயசுல காய்ச்சல்ல கெடந்தப்ப வந்த கொரல். ஆனா நாக்கு அடங்குமா? "எதுக்கு, உன் வீட்டுச் சுவரைப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா? எனக்கு அங்க பதினொரு பொம்பளைக இருக்காக. அவக என்னைய விடமாட்டாகடா"ன்னேன். இன்னொரு தடவை கேப்பான்னு இருந்தேன். அவன் "சரிம்மா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

இப்பத் தெருமுக்குல ஜீப்பு வந்து நின்னுச்சு. என்னையப் பாத்ததும் அம்புட்டுப் பேரும் கூச்சல் போட்டாளுக. மதினி கீழ குதிச்சு என் கன்னத்தைப் பிடிச்சா. "நல்லா நெறமாயிட்டீகளே மதினி!"ன்னா. கதவோரத்துல அந்த ராசிங்காபுரத்துப் பிள்ளை பாதி எந்திரிச்சு நின்னுச்சு.

டிரைவர் தலையைச் சொறிஞ்சான். "லோடு நெறஞ்சு கெடக்குக்கா. இதுக்கு மேல ஏத்தினா செக்போஸ்ட்டுல பிடிச்சிருவாக."

"மகன் விடமாட்டான்னு சொல்லிட்டுப் போனீகளே மதினி"ன்னு மதினி மெதுவாச் சொன்னா. "நீங்க வரமாட்டீகன்னு இந்தப் பிள்ளையவே வச்சுக்கிட்டோம். இதுவும் கைக்காரி, வெரசா எடுக்குது."

"நான் எறங்கிக்கிறேன் அத்தை"ன்னுச்சு அந்தப் பிள்ளை.

"உக்காருடி! நான் உங்களையெல்லாம் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்"னேன். சோத்து டப்பாவைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்றேன்! மதினி டப்பாவைப் பாத்தா, பாக்காத மாதிரி ஏறி உக்காந்துட்டா. ஜீப்பு போயிருச்சு.

யாரைக் குத்தம் சொல்ல? மாத்தாளைக் கொண்டாந்து விட்டவளும் நான், திரும்பி வரமாட்டேன்னு சொன்னவளும் நான். வீட்டுக்கு வந்து அடுப்படியில உக்காந்தேன். அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் வந்தாக. சாக்லேட்டு வாங்கிக்கிட்டு, அங்க குளிரு எப்படின்னு கேட்டாக, போயிட்டாக. மலையில மதியம் வட்டமா உக்காந்துதான் சாப்பிடுவோம். டப்பா மூடியைத் திருப்பி வச்சா, ஆளுக்கொரு கை சோறு அதுல விழும். அன்னைக்கும் பழக்கத்துல மூடியைத் திருப்பி வச்சுட்டுத்தான் சோத்துல கை வச்சேன். அப்பத்தான் அழுதேன். கனடாவுல தனியாக் கெடந்தப்ப அந்த ஊரைத் திட்டியாவது மனசை ஆத்திக்கிட்டேன். சொந்த ஊர்ல தனியாக் கெடந்தா எதைத் திட்டுறது?

சாயந்தரம் ஏழு மணிக்கு மகன் போன் பண்ணினான். அவனுக்கு அப்பத்தான் காலை.

"ஜீப்பு வந்துச்சாம்மா?"

"வராம? ஆரன் அடிச்சு ஊரையே எழுப்பிட்டான்ல."

"உன் எடத்தை விட்டு வச்சிருந்தாங்களா?"

"என் எடத்துல எவ உக்காருவா?"

"நீ சொன்னது சரிதாம்மா. உனக்கு அங்கதான் ஆளுக இருக்காங்க. இங்க இருன்னு கேட்டு உன்னையச் சங்கடப்படுத்திட்டேன். இனிமே கேக்க மாட்டேம்மா"ன்னான்.

கேளுடா, இன்னும் ஒரே ஒரு தடவை கேளுடான்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்கிருச்சு.

"சரிப்பா, வச்சிரவா?"ன்னேன். "காலையில வெரசா எந்திரிக்கணும்."