கதவு சாத்தின பிறகு முத்திரை

ராணுவக் கிடங்கில் எல்லாருக்கும் அவள் முத்திரை அக்காதான். காலணி வந்தாலும் கூடாரம் வந்தாலும், கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு அளப்பாள், எடை போடுவாள், காகிதத்தில் உள்ளபடி இருந்தால் நீல முத்திரையை ஓங்கிக் குத்துவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அவள் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு பொத்தானைக்கூடக் குறைத்து உள்ளே அனுப்ப முடியாது என்று சரக்கு கொண்டுவருகிறவர்களே சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரி நாற்பத்தாறு வயதில் மறுபடி நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினாள். என்றோ வாங்கி அலமாரிக்குள் போட்டுவைத்த பட்டம் இப்போது உதவியது. பாதுகாப்புக் கொள்முதலும் திட்ட மேலாண்மையும், பட்டதாரிகளுக்கான சான்றிதழ் படிப்பு, பதினோரு மாதம். ராணுவத்துக்கு என்ன வேண்டும் என்று எழுதுவதில் தொடங்கி, அதை வாங்கிச் சோதித்துச் சிப்பாயின் கையில் சேர்ப்பதுவரை எல்லாம் பாடம். தேறினால் கொள்முதல் குழுவில் இடம் உண்டு. தவறினால் ஓய்வு பெறும்வரை முத்திரைதான், ஏனென்றால் அலுவலகம் ஒரு ஆளை ஒரு தடவைதான் அனுப்பும்.

"நல்லாப் படிம்மா," என்றார் கணவர். அவர் பஸ் ஓட்டுநர். "என் டிரைவர் சீட்ட வாங்கின மகராசன் ஒரு நாளாவது அதுல உக்காந்து பாத்திருப்பானா? இடுப்பு போச்சு எனக்கு."

மாலை நேரச் சமையலை அவரே எடுத்துக்கொண்டார். அவர் சமையலைப் பற்றி நாம் பேச வேண்டாம். மகளும் அவளும் மூச்சு விடாமல் சாப்பிட்டு எழுந்தார்கள், அதற்கே ஒரு சான்றிதழ் தரலாம்.

வகுப்பில் பாதிப் பேர் அதிகாரிகள், மீதிப் பேர் இன்ஜினியர்கள். முதல் மாதம் அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. நான்காவது மாதத்தில் சோதனைப் பாடம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொருளைத் தொட்டவர்கள் அந்த அறையில் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கடைசித் தேர்வு ஒரு திட்டம். நான்கு பேர் சேர்ந்து, காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர் வாங்குவதற்குத் திட்டம் போட்டு, தேர்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். அவள் அணிக்கு ஒரு மேஜர் தலைவர். மனிதர் நல்லவர், ஆனால் கால அட்டவணை என்றால் உயிர். மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை, என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை அவள் கடைசியாகப் படித்தாள். நீளம், எடை, துணியின் பலம், துருப்பிடிக்காத கம்பி எல்லாம் இருந்தன. எந்த வண்டிக்கு என்பது மட்டும் இல்லை.

"சார், இத எந்த வண்டியில ஏத்தப் போறோம்?"

"ஆம்புலன்ஸ்லதான் மேடம். அது வேற பிரிவு வாங்கறது."

"அந்த வண்டியில ஆளோட ஏத்திப் பாத்து, கதவச் சாத்தணும்னு சோதனையில ஒரு வரி சேப்போம் சார்."

"ஆறு வாரம் கூடிடும். மார்க் போயிடும் மேடம், விடுங்க."

விட்டாள். வீட்டுக்குப் போனாள், சாப்பாடு இறங்கவில்லை. அதற்குச் சமையல் காரணமில்லை.

மறுநாள் மேஜர் கணீரென்று பேசினார். முடிந்ததும் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அணியில யாருக்காவது இதுல மாற்றுக் கருத்து இருக்கா?" என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை. அவள் எழுந்தாள்.

"இந்தப் பட்டியல்படி வாங்கினா தப்பான ஸ்ட்ரெச்சர் வரும்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆறு வருஷம் முன்னாடி இதே மாதிரி பட்டியல்ல முந்நூத்தி இருபது வந்துச்சு. ஒவ்வொண்ணா அளந்தேன், எல்லாம் சரி. முத்திரை குத்தினேன். வண்டியில ஏத்தினா கைப்பிடி நாலு விரல் வெளிய நிக்குது, கதவு சாத்தல. இன்னைக்கும் கிடங்குல அடுக்கிதான் கெடக்கு. அத்தனையிலயும் என் முத்திரை."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"காகிதமும் பொருளும் ஒத்துப்போகுதான்னு பாக்கறதுதான் என் வேலை. காகிதமே சரியான்னு கேக்கற இடத்துல நான் இல்ல. அந்த இடத்துக்கு வரத்தான் இங்க படிக்க வந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லாம் போச்சு என்றே நினைத்தாள். மேஜர் மெல்ல எழுந்தார். "அந்த வரியச் சேத்துக்கறோம். ஆறு வாரம் கூடும். முன்னாடியே மேடம் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

அட்டவணைக்கான மதிப்பெண்ணில் நல்ல வெட்டு விழுந்தது. சோதனைப் பாடத்துக்கு முழு மதிப்பெண். ஆக மொத்தம் மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினாள். கணவர் அந்தச் சான்றிதழைப் பஸ் டிப்போ முழுக்கக் காட்டிவிட்டு, மூலையில் எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுத்தார். அவளுக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த வருஷம் நிஜமாகவே ஸ்ட்ரெச்சர் வாங்கும் வேலை வந்தது. பட்டியலை எழுதியது அவள். மாதிரி வந்த அன்று கிடங்கு முற்றத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அவள் இடத்துக்கு வந்திருந்த புது ஆள் முத்திரையோடு காத்திருந்தார். படுத்துக்காட்ட ஒரு ஆள் வேண்டும்.

"நானே படுக்கறேன்," என்றாள்.

நான்கு பேர் தூக்கினார்கள். "அக்கா, படிச்சதுல எடை கூடிட்டீங்க," என்று ஒருவர் முனகினார். உள்ளே தள்ளினார்கள். கதவு தடையில்லாமல் சாத்திக்கொண்டது.

உள்ளே இருட்டில் படுத்தபடி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் வந்தது.

"இப்பக் குத்துங்க முத்திரைய."