வசுமதியின் பெயரில் நான் எழுதியது

துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்த வாரம் அது. கல்கத்தாவில், பாலிகஞ்சில் எங்கள் தெருமுனையைப் பந்தல்காரர்கள் மறித்திருந்ததால் காலை நடையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முரளியிடமிருந்து அழைப்பு வந்தது. முரளி வசுமதியின் தம்பி. டாக்குரியாவில் அக்காவும் தம்பியும் ஒரே பிளாட்டில் இருந்தார்கள்.

"சார், அக்கா போயிட்டா" என்றான். டெங்கு காய்ச்சல். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வயது நாற்பத்தாறு. "உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு. பதினோரு வருஷம் உங்ககிட்டதானே வேலை பார்த்தா."

என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கம் என்று எழுத ஆசைதான். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. இனி அவரை எந்தத் தெருவிலும் எதிரில் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. ஒரு மூச்சு நேரம்கூட அது நிற்கவில்லை. வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இங்குள்ள தமிழர்களாகிய உங்களில் பலர் வசுமதியை நவராத்திரிக் கூட்டங்களில் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவராக அறிவீர்கள். தாத்தா காலத்தில் பேங்க் வேலைக்காகக் கல்கத்தா வந்த குடும்பம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், வங்காளியில் சண்டையே போடுவார். கல்லூரியில் அவர் எப்படி இருந்தார், ஏன் அங்கிருந்து போனார் என்பது உங்களுக்குத் தெரியாது. சிலர் தவறாகக் கேள்விப்பட்டிருக்கவும் கூடும். அதற்குக் காரணம் நான்.

தெற்குக் கல்கத்தாவில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடத்தோடு பிளேஸ்மென்ட் பிரிவின் பொறுப்பும் என்னுடையது. படித்து முடிக்கும் மாணவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், கிடைத்ததா என்று கணக்கு வைப்பதும் அந்தப் பிரிவின் வேலை. வசுமதி அங்கே ஒப்பந்த ஊழியராக வந்தார். வங்காளி மாணவர்களுக்கு 'வ' வராது. 'போசுமோதி தீ', அதாவது வசுமதி அக்கா, என்று கூப்பிடுவார்கள். முதல் வருட மாணவன் ஒருவன், "மேடம் பேரு பாஸ்மதியா சார்?" என்று என்னிடம் கேட்டான். அவரிடம் சொன்னபோது மேஜையைத் தட்டிச் சிரித்தார். "போங்க சார், நான் எங்க பாஸ்மதி! ரேஷன் அரிசிதான்."

பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆனதும் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். வேறு கல்லூரிகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டு மீதியை நிரப்பிவிடுவார்கள். வசுமதி எல்லோரையும் கூப்பிட்டார். எடுக்காதவர்களை மறுநாள் வேறொரு நேரத்தில் கூப்பிட்டார். "கீ கொர்ச்சிஷ் ரே ஏகோன்?" என்பார். இப்போ என்ன பண்ணிட்டிருக்கேடா என்று அர்த்தம். வேலை உண்டு, இல்லை என்று குறித்தால் போதும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்துக்கொண்டு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினார். 'மூன்று மாதம் கால் சென்டர், பிறகு விட்டுவிட்டான்.' 'டியூஷன், ஏழு பிள்ளைகள்.' 'அரசுத் தேர்வு, இரண்டாம் முறை.' 'சாப்பாடு டெலிவரி. அப்பாவுக்குத் தெரியாது.'

தேப்ஜித் என்று ஒரு மாணவன். இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. கடைசியில் அவனுடைய அம்மா எடுத்தார். வசுமதி பேசிக்கொண்டிருந்தபோது நான் எதிரில்தான் இருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டுச் சற்று நேரம் அவர் எதுவும் எழுதவில்லை.

"என்னம்மா?"

"பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டான்னு சொல்றாங்க சார்."

"நல்லதாப் போச்சு. எழுது."

"பின்னாடி அவன் குரல் கேட்டுச்சு சார். பெங்களூர்னு சொல்லு, பெங்களூர்னு சொல்லுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தான்."

"அவங்க சொன்னதைத்தானே எழுதணும்?"

"அவன் வெட்கத்துல சொல்றான் சார். நமக்கென்ன வெட்கம்? நாம சரியா எழுதினாத்தானே அவனுக்கு யாராவது ஏதாவது செய்வாங்க?"

'வேலை இல்லை' என்று எழுதினார். பிறகு அந்தப் பையனுக்காக எனக்குத் தெரிந்த இரண்டு கம்பெனிகளுக்கு என்னைக் கடிதம் எழுத வைத்தார். இரண்டிலும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக அவரே எங்கோ பேசி, கரியாவில் ஒரு மருந்து மொத்தக் கடையில் அவனைச் சேர்த்துவிட்டார். அடுத்த ஆண்டு அவனை மறுபடி கூப்பிட்டுக் கேட்டு, அவன் பெயருக்கு எதிரே 'மருந்துக் கடை, ஸ்டாக் வேலை, பிடித்திருக்கிறதாம்' என்று எழுதியிருந்தார்.

அப்படிப்பட்டவருடைய பட்டியலைத்தான் நான் மாற்றினேன்.

அட்மிஷன் காலத்துக்கு முன்னால் கல்லூரிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை கிடைத்த மாணவர்களின் கணக்கோடு புது விளக்கப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். வசுமதியின் பட்டியலின்படி பாதிப் பேருக்குக்கூட வேலை இல்லை. "இதை வச்சுக்கிட்டு யார் வந்து சேருவாங்க? நீங்க சீனியர், பார்த்துச் செய்யுங்க" என்றார். மாற்றச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் விளக்கம் கேட்கவில்லை. எனக்கு ஓய்வு பெற நான்கு வருடங்கள் இருந்தன. துறைத் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாற்றினேன். டியூஷன் எடுப்பவர்கள் 'சுயதொழில்' ஆனார்கள். டெலிவரி செய்பவர்கள் 'லாஜிஸ்டிக்ஸ் துறை'. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் 'உயர்கல்வி'. போன் எடுக்காதவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று. இடையில் என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது, "ஆபீஸ் வேலை" என்றேன்.

திங்கட்கிழமை வசுமதி அதைப் பார்த்தார். "சார், இது என் ஷீட் இல்லையே" என்றார்.

"அதேதான்மா. கொஞ்சம் பிரசென்டேஷன் மாத்தியிருக்கேன்."

கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப கீழ 'தயாரித்தவர் வசுமதி'ன்னு இருக்கே, அதை எடுத்துடுங்க சார். அது போதும்" என்றார்.

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. கோப்பைத் திறந்து அந்த வரியின் முன்னால் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பெயரை எடுத்தால் யாருடைய பெயரைப் போடுவது என்ற கேள்வி வந்தது. கோப்பை அப்படியே மூடி அனுப்பிவிட்டேன்.

அந்தப் புத்தகத்தை நம்பிச் சேர்ந்தவர்களில் சண்முகத்தின் மகள் கவிதாவும் ஒருத்தி. பாலிகஞ்ச் ஸ்டேஷன் அருகே சண்முகத்தின் டிபன் கடையில் நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். மகளைச் சேர்க்கும் முன் அவர் என்னிடம் வந்து கேட்டார். புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "பாருங்க, எல்லாரும் வேலையில இருக்காங்க" என்று நானே சொன்னேன்.

கவிதா இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு நாள் சண்முகம் செயலாளரின் அறைக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். என்னையும் வசுமதியையும் கூப்பிட்டார்கள். பழைய மாணவர்களின் படங்கள் இருந்த பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தார்.

"இந்தத் தம்பி, இந்தத் தம்பி, அப்புறம் இந்தா இவரு. மூணு பேரும் தினம் என் கடைக்கு வர்றாங்க சார். தோசைப் பார்சல எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போறாங்க. இதுல லாஜிஸ்டிக்ஸ் துறைன்னு போட்டிருக்கு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. பார்சல் தூக்குறதுக்குப் பேரு அதுதானா சார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உழைப்பைக் கேலி செய்யவும் இல்லை. "அந்தத் தம்பிங்க நல்ல பிள்ளைங்க. அவங்கள ஏன் இப்படி எழுதணும்?" என்றுதான் கேட்டார்.

செயலாளர் கோப்பை வரவழைத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "இதைத் தயாரிச்சது யாரு?" பெயர் அங்கேயே இருந்தது. இருந்தும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் சொன்னேன்: "தகவலெல்லாம் இவங்கதான் சேகரிச்சாங்க."

அந்த வாக்கியத்தில் பொய் என்று பிடிக்க ஒரு சொல்லும் இல்லை. நாற்பது வருடம் வகுப்பில் பேசிய எனக்கு அப்படி ஒரு வாக்கியம் அமைக்கத் தெரிந்திருந்தது. வசுமதி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரிடம் பழைய பட்டியலின் நகல் இருந்தது, எனக்குத் தெரியும். எடுத்து வைத்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர் சண்முகத்தின் பக்கம் திரும்பி, "கூப்பிட்டுப் பேசினது நான்தான் அண்ணா. அந்தப் பிள்ளைங்க சொன்னது வேற" என்று மட்டும் சொன்னார். செயலாளர் அதற்கு மேல் கேட்க விரும்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

ஜூன் மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான் துறைத் தலைவர் ஆனேன். அவர் போன கடைசி நாளில் நான் விடுப்பில் இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து டாக்குரியா ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ஒரு பயிற்சி மையத்தில் வரவேற்பறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "வசுமதி, அன்னிக்கு அந்த ரூம்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இப்ப வேணாம் சார், டிரெயின் வந்துடும்" என்றார். பிறகு, "சொல்றதா இருந்தா அந்த ரூம்ல இருந்தவங்ககிட்டச் சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே" என்றார். ரயில் வந்ததும் பெண்கள் பெட்டியை நோக்கி வேகமாக நடந்து போய்விட்டார். அதற்குப் பின் அவர் ரயில் ஏறும் நேரத்தில் நான் அந்த ஸ்டேஷன் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

முரளியின் வீட்டில் நடந்த நினைவுக் கூட்டத்தில், அவருடைய மேலதிகாரி என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, நேர்மையான ஊழியர், பொறுமைசாலி என்றெல்லாம் பேசினேன். அன்றும் சொல்லவில்லை. கதவருகே நின்றிருந்த சண்முகம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனேன். கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியும் சார்" என்றார். "அந்தம்மா பேசுனப்ப நீங்க தரையப் பார்த்தீங்களே."

"நீங்க அப்பவே கேட்டிருக்கலாமே?"

"பொண்ணு அங்கதானே படிச்சுக்கிட்டிருந்தா. எனக்கும் பயம்தான்." தோசையைத் திருப்பிப் போட்டார். "கவிதா இப்ப ரெண்டு வீட்ல டியூஷன் எடுக்கா. உங்க காலேஜ்லேர்ந்து ஒருத்தரும் போன் பண்ணிக் கேக்கலை. அந்தம்மா இருந்திருந்தா கேட்டிருக்கும்."

அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன். அன்று மாலை முரளியிடமும் சொன்னேன். வீட்டில் வசுமதி 'ஒப்பந்தம் முடிஞ்சுது' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தபோது, அக்காவுக்கு வேலையில் கவனம் போதவில்லை என்று அவனே ஒருமுறை திட்டியிருக்கிறான். அதற்கும் அவர் பதில் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் அழுதான். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "விடுங்க சார், அவளே போயிட்டா" என்றான்.

நான் விடவில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் வசுமதி அல்ல, நான் என்று கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. வந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவரை அறிந்தவர்களே, வசுமதி ஏதோ தவறு செய்து வேலையை இழந்தார் என்று உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால், அது பொய். அதைச் சொன்னவன் நான். அல்லது சொல்ல வேண்டியபோது சொல்லாமல் இருந்தவன் நான். ஒப்பந்த வேலையில், எந்த நேரமும் போகச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு, வேலையில்லாத பிள்ளைகளைப் பற்றி அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். அசைக்க முடியாத நாற்காலியில் இருந்த நான் பயந்தேன்.

அவர் நினைவாக என்னிடம் புகைப்படம் இல்லை, அவர் கையெழுத்தில் ஒரு தாள்கூட இல்லை. வெட்கம் இருக்கிறது. இத்தனை வருடம் அவர் சுமந்தது அது. இனி என் பெயரில் இருக்கட்டும்.