கைப்பேசி மறைத்த மஞ்சள்

என் மகன் பிறந்த ஐந்தாம் நாள் அவன் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. கிளினிக்குக்குக் கிளம்பாமல், படம் எடுத்துத் தாய்மார் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கியூட் லா, ஒண்ணும் இல்ல" என்று வரிசையாகப் பதில் வந்தது. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் ஓர் அக்கா மட்டும் அழைத்தார்.

"ஏம்மா, பச்சப்பிள்ளைக்கு ரோஸ் கன்னமா? பில்டர் போட்டியா?"

பிரசவத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் கைப்பேசிக் கேமராவில் அழகு பில்டர் போட்டு வைத்திருந்தேன். அறிவு கெட்ட வேலை! அவனை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருந்தது.

"ஐயோ அக்கா!"

"அழுவாத, போன வெச்சிட்டு ஓடு லா!"

ஓடினோம். மருத்துவமனையில் மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் நீல விளக்கின் கீழ், கண்ணில் கட்டோடு, எங்கள் ஊர்ப் பத்து பிரிங்கி கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரன் மாதிரி சுகமாகக் கிடந்தான். இப்போது மூன்று மாதக் குண்டன். வீடே அதிரக் கத்துகிறான். கத்தட்டும், கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம்தான்.

மாமியார் புலம்பலுக்கும் தூக்கம் கெட்ட கதைக்கும் இன்னும் அந்தக் குழுதான் எனக்குத் துணை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் நேரே கிளினிக்குக்குப் போகிறேன். யாராவது படம் போட்டு, "பிள்ளை மஞ்சளா?" என்று கேட்டால் திட்டித்தான் பதில் போடுகிறேன். கோபித்துக்கொள்ளட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் போதும்.