ஜோடி சேர்ந்த குதிரைப்படைத் துப்பாக்கிகள்

நம்பாதவர்கள் லெபனானில் இருக்கும் ஸஹ்லேவுக்குப் போய் ஷாகிரின் சட்டையைக் கழற்றிப் பார்க்கட்டும். வலது தோளில் தழும்பு இருக்கிறது. கதை கட்டுவதற்காக யாரும் தோளில் ஓட்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஷாகிரின் அக்கா நஜ்லாவின் புருஷன் முனீர். அவருக்குப் பழைய பட்டாளத்துக் கைத்துப்பாக்கிகள் என்றால் உயிர். சுவர் முழுக்க அவைதான். அதில் ஒன்று துருக்கிக் குதிரைப்படையுடையது, வெள்ளிப் பூண் போட்டது. சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட ஜோடியாகத்தான் கொடுப்பார்களாம். இவரிடம் ஒற்றைதான் இருந்தது. தேடாத இடமில்லை. கடைசியில் பால்பெக் ஊரில் ஒரு விதவையிடம் அதன் ஜோடி கிடைத்தது. அவள் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள்.

"ஈரமா இருந்தாத்தான் அது சும்மா இருக்கும்" என்றாள்.

முனீர் சிரித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து, எண்ணெய் போட்டு, வெயிலில் காயவைத்தார்.

அடுத்த ஞாயிறு மதியம் ஷாகிர் வந்தான். அவனுக்கும் இதே பைத்தியம்தான்.

"என்ன அத்தான், எங்க அக்காவைக்கூட இப்படி அலைஞ்சு தேடலையே!"

"உங்க அக்கா தானா வந்து மாட்டினா, மச்சான்."

"யாரு மாட்டினதுன்னு சாப்பாடு போடும்போது சொல்றேன்!" அடுப்படியிலிருந்து நஜ்லா கத்தினாள். சட்டி எண்ணெயில் கிப்பே, கறி உருண்டைகள், பொரிந்துகொண்டிருந்தன.

இரண்டும் ஜோடிதானா என்று பார்க்க இவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆளுக்கு ஒன்றைப் பிடித்து, ஒரே நேரத்தில் விசையை அழுத்த வேண்டும். சத்தம் ஒன்றாகக் கேட்டால் ஜோடி. முதலில் முனீர் இரண்டு குழலிலும் மருந்து கெட்டிக்கும் குச்சியை விட்டுப் பார்த்தார். அடிவரை போய்த் தட்டியது. காலி. பொறி பறக்கவைக்கும் நெருப்புக் கல்லையும் கழற்றிவிட்டு, அங்கே மரச்சில்லைச் செருகினார்.

இருவரும் வெறும் சுவரைக் குறிபார்த்தார்கள்.

டக்.

ஒரே சத்தம்.

"அத்தான்! ஜோடியேதான்! இன்னொரு தடவை!"

மறுபடி சுத்தியலை இழுத்தார்கள். குழல் கொதித்தது... அடுப்பில் வைத்து எடுத்ததுபோல. கந்தக வாடை வந்தது. முனீர் இடது கையால் தன் குழலில் குச்சியை மறுபடி விட்டுப் பார்த்தார்.

பாதியிலேயே நின்றது. உள்ளே எதுவோ இருந்தது.

குச்சியை உருவி எறிந்தார்.

"மச்சான்... கீழே வை."

"விளையாடாதீங்க."

"கீழே வைடா!"

ஷாகிர் கையை உதறினான். விரல் பிரியவில்லை.

"வரல அத்தான்... கை வரல..."

முனீரின் கை தானாக நகர்ந்தது. சுவரை விட்டு... ஷாகிரின் நெஞ்சுக்கு நேராக. எதிரே ஷாகிரின் குழல், முனீரின் நெற்றிக்கு.

முனீர் தன் மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. பிடி தளரவில்லை.

"நஜ்லா! என் கையை அடி! உடை!"

அவள் ஓடிவந்தாள். கொதிக்கும் எண்ணெயோடு இரும்புச் சட்டியை அவர் கைமேல் இறக்கினாள். தோல் வழன்றது. குழல் இம்மி விலகியது.

டமார்!

கல் இல்லை. அவர் மருந்தே போடவில்லை. ஆனாலும் வெடித்தது.

ஷாகிரின் தோள் பிய்ந்து ரத்தம் கூரைவரை அடித்தது. அவன் துப்பாக்கி கீழே விழுந்தது.

"தம்பீ! கண்ணை மூடாதடா! என்னைப் பாரு!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"பொழைச்சுக்குவாரு. ஆனா குண்டைச் சுத்தி எலும்பு வளர்ந்து மூடியிருக்கும்மா. இதுக்கு வருஷக்கணக்கா ஆகும். இவரைச் சுட்டது எப்போ?"

"இப்பத்தான் டாக்டர்! போன வருஷம் தம்பி பைக்குல விழுந்தப்ப இதே தோளை நீங்கதானே படம் எடுத்தீங்க? அதுல ஒண்ணும் இல்லையே!"

டாக்டர் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்தார்.

அதில் குண்டு இல்லைதான்.

ஆனால் எலும்பு அப்போதே... குண்டின் அளவுக்கு வட்டமாக ஓர் இடம் விட்டு வளர்ந்திருந்தது.