ஆறு துவாரம், ஐந்து ஆணி

துவாரங்கள் ஆறு. திருகாணிகள் ஐந்து. காலை எட்டு மணியிலிருந்து இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது ஆணி காற்சட்டைப் பையில் இல்லை, காரின் கூரையில் இல்லை. முற்றத்து மணலில் விழுந்திருந்தால் அது இனி மன்னார்த் தீவுக்குச் சொந்தம்.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு கிழட்டுக் கார் இருக்கிறது, கூரை திறக்கிற கார். கூரைத் திறப்பின் முன்விளிம்பில் காற்றை மேலே தூக்கியெறிய ஒரு நீளத் தகடு. அது இல்லாமல் கூரையைத் திறந்துகொண்டு ஓடினால், வெறும் பீப்பாயை யாரோ உள்ளேயிருந்து குத்துவதுபோலக் கார் கும்கும் என்று அலறும். பெயின்ற் அடிக்கவென்று போன கிழமை அந்தத் தகட்டை நானே கழற்றி, அடியில் தார்போல ஒட்டிக்கிடந்த ஏதோ அழுக்குத் திரளைக் கத்தியால் அறுத்தெறிந்து, பளபளவென்று துடைத்தும் வைத்தேன். கழற்றத் தெரிந்த எனக்குப் பூட்டத் தெரியாது என்பதை வழக்கம்போல மறந்துபோனேன்.

"முன்பக்கம் எது எண்டு பாத்தனீங்களோ?" குசினி யன்னலால் பிலோமினாவின் குரல்.

"ஓம், பாத்தனான்."

"அண்டைக்கும் பாத்தனான் எண்டுதான் சொன்னனீங்கள்."

என் மனைவி 'அண்டைக்கு' என்றால் உலகத்தில் ஒரே ஒரு நாள்தான்.

தகட்டின் அடியில் இருந்த ரப்பர் பட்டி வெயிலில் சூடேறி மணக்கத் தொடங்கியது. ரப்பரும் உப்பும் கொஞ்சம் கருவாடும். கருவாடு எப்படிக் கூரைக்குப் போனது என்று கேளாதீர்கள், மன்னாரில் அது போகாத இடமில்லை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் மறுபடி கந்தோரில் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். தலை நிறைய மயிர், அதன்மேல் அரைப் போத்தல் கிரீம்.

விடத்தல்தீவில் பெண் பார்க்கப் போகவேண்டும். பெண்ணின் தகப்பன் ஒரு சம்மாட்டியார், நாலைந்து வள்ளங்களும் அவற்றில் தொழிலுக்குப் போக ஆட்களும் வைத்திருந்தவர். கலியாணத் தரகர் அவரிடம், "மாப்பிளை கூரை திறக்கிற சொந்தக் கார் வைச்சிருக்கிறார்" என்று அளந்துவிட்டிருந்தார். என்னிடம் சைக்கிள்கூட இல்லை. மாமாவின் காரை இரவல் கேட்டேன்.

"தாறன். ஆனா ஒண்டிலயும் கை வைக்காத," என்றார் மாமா.

அரை மணித்தியாலத்துக்குள் கை வைத்துவிட்டேன். தகட்டில் உப்புத் துரு இருந்தது. மாப்பிள்ளையின் காரில் துருவா? கழற்றி மினுக்கித் திரும்பப் பூட்டினேன். வளைவு கூரையோடு ஒத்துவரவில்லை. தகடு பிழை என்று தீர்மானித்து, முழங்காலால் அமர்த்தி ஆணிகளை முறுக்கினேன்.

நானும் தரகரும் தீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே பெருநிலத்துக்குப் போகும் தாம்போதியில் ஏறினோம். சோளகக் காற்றுக் காலம். சாய்வு மாறிப் பூட்டிய தகடு, வந்த காற்றையெல்லாம் அள்ளி உள்ளே கொட்டியது. காற்றோடு மணல். மணலைப் பிடித்துவைக்க என் தலையில் கிரீம். கூரையை மூடியிருக்கலாமே என்கிறீர்கள். மூடத்தான் பார்த்தேன், மணல் போய் இறுகி அது அசையவில்லை. பின்னால் தரகர் லேஞ்சியை முகத்தில் கட்டிக்கொண்டு மடுமாதாவைக் கூப்பிடத் தொடங்கினார். பாப்பாமோட்டையில் ஒரு கமக்காரர் எங்கள் சத்தத்தைக் கேட்டு, லொறி வருகிறதாக்கும் என்று மாடுகளை வயலுக்குள் இறக்கிவிட்டு நின்றார். வந்தது நாங்கள்.

விடத்தல்தீவில் வாசலுக்கு வந்த சம்மாட்டியார் என்னைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி நடந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தகட்டைப் பார்த்தார்.

"தம்பி, இது ஆற்ற கார்?"

"மாப்பிளையின்ர சொந்தக் கார் ஐயா," என்று தரகர் பாய்ந்தார்.

"நான் தம்பியைக் கேட்டனான். சொந்த வள்ளத்துக்கு ஒருத்தனும் பாயை மாறிக் கட்டமாட்டான்."

பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. கலியாணம் இதோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமாவின்ர கார்," என்றேன்.

"பூட்டினது?"

"அது நான்தான்."

கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அது இன்னும் அடங்கவில்லை.

சம்மாட்டியார் கத்தி முனையாலேயே ஆணிகளைக் கழற்றி, தகட்டைத் திருப்பி வைத்தார். அது பெருமூச்சு விட்டதுபோல் கூரையில் படிந்தது. "ஆறாவது ஆணி எங்க?"

"தாம்போதியில விழுந்திருக்கும்."

மடியிலிருந்து வலை பொத்துகிற தங்கூசி நூலை எடுத்தார். துவாரத்துக்குள் விட்டு அடிச்சட்டத்தோடு சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்: "பிள்ளையின்ர தாய், தேத்தண்ணி கொண்டாங்கோ. பொய்யையும் மாறித்தான் பூட்டியிருக்கிறார். பயப்பிடாமப் பிள்ளையைக் குடுக்கலாம்!"

மாமாவுக்கும் அந்த முடிச்சுப் பிடித்துப்போனது. "அது கிடக்கட்டும். நீ கிட்ட வராத," என்றார். அவருக்குப் பிறகு கார் உண்மையாகவே என்னிடம் வந்தபோதும் முடிச்சு அப்படியே...

இந்த இடத்தில்தான் நண்பரே, கூரைமேல் சாய்ந்திருந்த நான் ஆணி தேடுவதை நிறுத்தினேன். தாம்போதியில் விழுந்த நாளிலிருந்து ஆறாவது ஆணி என்று ஒன்று இருந்ததே இல்லை. போன கிழமை அழுக்கென்று நான் அறுத்தெறிந்தது அந்த முடிச்சைத்தான்.

பிலோமினாவிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை, அது இன்னும் மோசம். வெளியே வந்து, தகப்பனைப்போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு தகட்டைப் பார்த்தாள். "சாய்வு சரி," என்றாள். தங்கூசி வாங்கி வந்து நான் ஒரு முடிச்சும் போட்டேன்.

பின்னேரம் இருவரும் தாம்போதிவரை போனோம். கடலில் ஒரு பாய்கூட இல்லை, எல்லாம் எஞ்சின் வள்ளங்கள். அன்றைக்கு முடிச்சுப் போட்ட மனிதரும் இப்போது இல்லை. காற்று ஒழுங்காக எங்களுக்கு மேலால் போனது. ஆனால் பாதி வழியில் டக், டக் என்று தகடு தட்டத் தொடங்கியது. என் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

பிலோமினா எட்டி என் மொட்டைத் தலையைத் தடவினாள்.

"அவிழ்ந்தா அவிழட்டும்," என்றாள். "இனிக் கலைய என்ன கிடக்கு?"